ஏலக்காய்க்கு அடியில்

ஜன்னலைக் கொஞ்சம் தொறந்துக்கட்டுமாம்மா? காத்து உங்களுக்கு ஒத்துக்காதுன்னா சொல்லிடுங்க. இல்ல, நீங்க மூக்கைச் சுளிச்சதைப் பாத்துட்டேன். தப்பில்லம்மா, யாரா இருந்தாலும் சுளிக்கத்தான் செய்வாங்க. ஆனா நான் குடிச்சிருக்கேன்னு மட்டும் நெனச்சுக்காதீங்க. புடவையில கொட்டிருச்சு. சோப்புப் போட்டு அலசிப் பாத்தேன், போக மாட்டேங்குது. டிக்கெட் குடுக்கறப்ப கண்டக்டர் என்னை மேலயும் கீழயும் பாத்தான் பாருங்க, 'தர்மபுரி ஒண்ணு'ன்னு சொல்றதுக்குள்ள எனக்கு நாக்கு ஒட்டிக்கிச்சு.

நான் அங்கன்வாடி டீச்சர்ம்மா. அரூர் பக்கம். ரிட்டையர் ஆயிட்டேன், ஆனா ஊருக்கு இன்னும் டீச்சரம்மாதான். மாதம்மா டீச்சர்னு கேட்டா எல்லாரும் வீட்டைக் காட்டுவாங்க. மகளிர் குழுவுக்கு நான்தான் தலைவி. ஊருக்குள்ள ஒயின்ஷாப் வரக்கூடாதுன்னு நடுரோட்டுல உக்காந்தவ நான். என் புடவையில பீர் வாசனை. இதை நான் எங்க போய்ச் சொல்லம்மா?

அதான் உங்ககிட்ட சொல்றேன். நீங்க யாரோ, நான் யாரோ. கிருஷ்ணகிரியில எறங்கிப் போயிடுவீங்க.

எனக்கு ஒரே பொண்ணு. வினோதினி. கோயமுத்தூர்ல உணவுத் தொழில்நுட்பம் படிச்சா. பெங்களூர்ல வேலை கெடச்சுது. என்ன கம்பெனின்னு கேட்டேன். "மால்ட் சம்பந்தப்பட்ட கம்பெனிம்மா"ன்னா. மால்ட்டுன்னா என்னடின்னேன். "நீ கேழ்வரகை மொளை கட்டிக் காயவெச்சு வறுப்பியே, அதே மாதிரி பார்லியை மொளை கட்டி வறுக்கறது"ன்னா. எனக்கு ரொம்ப சந்தோஷம். காலம் பூரா ஊர்ப் புள்ளைங்களுக்குச் சத்துமாவு உருண்டை புடிச்சுக் குடுத்தவளாச்சே நான். எம்பொண்ணு பெங்களூர்ல பெரிய சத்துமாவுக் கம்பெனியில இருக்கான்னு ஊரெல்லாம் சொல்லிட்டேன். லீவுக்கு வந்தா அவ பையி, துணி எல்லாம் வறுத்த தானியம் மாதிரி மணக்கும். எனக்கு எப்பிடிம்மா சந்தேகம் வரும்?

போன பொங்கலுக்கு அவளே சொன்னா. "அம்மா, நான் பீர் காய்ச்சற எடத்துல வேலை பாக்கறேன். ருசி பாத்து, சரியா வந்திருக்கா தப்பா வந்திருக்கான்னு சொல்றதுதான் என் வேலை."

கையில கரும்பு இருந்துச்சு. அதைக் கீழ போட்டுட்டு உள்ள போயிட்டேன்.

குடிச்சுக் குடிச்சே செத்துப்போனவரும்மா அவ அப்பா. முனிரத்தினம். பஸ் டிப்போவுல மெக்கானிக். நல்ல கைராசிக்காரர்னு சொல்லுவாங்க, வீட்டுக்கு அந்தக் கைராசி வந்ததில்ல. அப்பிடிப்பட்ட வீட்டுல பொறந்துட்டு இவளுக்கு இந்த வேலைதான் கெடச்சுதா? அதுக்கப்புறம் நான் அவகிட்ட சரியா பேசவே இல்ல. அவ போன் பண்ணுவா, 'ம்', 'சரி', அவ்வளவுதான்.

அப்பறம் இந்த மாசம் கூப்புட்டா. பெங்களூர்ல பீருக்குப் போட்டி வெச்சிருக்காங்க, அதுல இவளை நடுவரா போட்டிருக்காங்களாம். "ஒரே ஒரு தடவை வந்து பாரும்மா. பாத்ததுக்கு அப்பறமும் உனக்கு வெக்கமா இருந்துச்சுன்னா நான் இனிமே இதைப் பத்திப் பேசவே மாட்டேன்"னு சொன்னா. பெத்தவ இல்லையா, கெளம்பிட்டேன். ஊர்ல கேட்டவங்களுக்கு, கம்பெனியில பரிசளிப்பு விழான்னு சொன்னேன்.

ஹாலுக்குள்ள போனா, நான் நெனச்ச மாதிரி ஒண்ணுமே இல்ல. பாட்டு இல்ல, கூத்து இல்ல, ஒருத்தன் தள்ளாடல. புள்ளைங்க பரீட்சை எழுதற ஹால் மாதிரி அமைதியா இருந்துச்சு. மேசைக்கு வெள்ளைத் துணி, குடிக்கத் தண்ணி, ஒண்ணும் தடவாத ரொட்டித் துண்டு. நான் முட்டி வலிக்குத் தைலம் தேச்சிட்டுப் போயிருந்தேன். வாசல்லயே ஒரு பொண்ணு, "கையைக் கழுவிட்டு, கொஞ்சம் தள்ளி உக்காருங்கம்மா, வேற வாசனை வந்தா அவங்களுக்குக் கஷ்டம்"னு சொல்லிட்டா. நான் வினோ மேசைப் பேச்சு காதுல விழற தூரத்துல செவுத்தோரமா உக்காந்தேன்.

வினோ மேசையில இன்னும் ரெண்டு பேரு. ஒருத்தர் நஞ்சப்பான்னு பெரியவர், அவர்தான் தலைமை. இன்னொருத்தன் கண்ணாடி போட்ட பையன். இவங்களுக்கு வந்தது கருப்புப் பீரு. ஜெர்மனிக்காரங்க வகையாம், டாப்பல்பாக்குன்னு பேராம். என் காதுல டபுள் பாக்குன்னுதான் விழுந்துது. "வெத்தலைக்குப் போடற பாக்காடி?"ன்னு கேட்டேன். அவ சிரிச்சா. எத்தனையோ மாசம் கழிச்சு அவ சிரிச்சதை அங்கதான் பாத்தேன். அந்த நாட்டுல சாமியாருங்க நோன்பு நாள்ல சோத்துக்குப் பதிலா இதைத்தான் குடிச்சிட்டு இருப்பாங்களாம். நம்ம நோன்புக்குக் கஞ்சி, அவங்களுக்கு இது. குளுருல மாசக்கணக்கா தூங்க வெச்சு எடுப்பாங்களாம். வீரியம் அதிகம். ஆனா அந்த வீரியம் வெளிய தெரியக்கூடாது, அதுதான் கைப்பக்குவம்னு சொன்னா.

எடுத்தவுடனே குடிக்கல. கிளாஸை வெளிச்சத்துல தூக்கிப் புடிச்சா. கருப்பட்டிக் காப்பி நெறம், ஓரத்துல மட்டும் மாதுளம் முத்து மாதிரி செவப்பு. நுரை சந்தன நெறத்துல நின்னுது. அப்பறம் கண்ணை மூடிக்கிட்டா. மூக்குக்கிட்ட கொண்டுபோயி, சின்னதா ரெண்டு மூச்சு இழுத்துட்டு, முகத்தை அந்தப் பக்கம் திருப்பினா. மறுபடியும் கிட்ட கொண்டுபோனா.

அந்த முகத்தைப் பாத்ததும் எங்கயோ பாத்த மாதிரி இருந்துச்சு. எங்கன்னு அப்ப தெரியல.

ஒரு மொடக்கு குடிச்சா. துப்பிடுவான்னு நெனச்சேன், முழுங்கினா. கசப்பு தொண்டையில எறங்கறப்பதான் தெரியுமாம். "ரொட்டி ஓரம் செவந்த மாதிரி இருக்கு. பேரீச்சை. காஞ்ச திராட்சை. இனிப்பு இருக்கு, ஆனா நாக்குல ஒட்டல. கடைசியில நெஞ்சு லேசா சூடாகுது, எரியல"ன்னு சொல்லச் சொல்ல எழுதிக்கிட்டா. எனக்கு ஆச்சரியமா இருந்துச்சும்மா. நான் என்ன சொல்ல, எனக்குப் பெருமையாத்தான் இருந்துச்சு. யாருக்கும் தெரியாம பெருமைப்பட்டேன்.

கடைசியா ஒரு பீரு வந்துச்சு. நஞ்சப்பா ஒரு வாய் குடிச்சிட்டு அப்பிடியே சாஞ்சு உக்காந்துட்டார். கண்ணாடிப் பையனும், "இதுக்குத்தான் முதல் பரிசு"ன்னான். வினோ மோந்தா. திருப்பி மோந்தா.

"இதுல தப்பு இருக்கு சார்"ன்னா.

"என்ன தப்பு?"

"மேல நல்ல இனிப்பு. அது மூடி வெச்சிருக்கு. அடியில நெகப்பாலிஷ் வாசனை இருக்கு. புளிக்க வெக்கறப்ப சூடு ஏறியிருக்கு."

"எனக்கு வரலையேம்மா."

"வரும் சார். கையால மூடி வெச்சு, கொஞ்சம் சூடாகட்டும், பாருங்க."

"வினோதினி, இவ்வளவு நல்லா இருக்கறதைப் போய்... விட்டுடலாமே?"

"விட முடியாது சார்."

அவ மட்டும் தனியா. பெரியவர் திரும்பத் திரும்பச் சொல்றார், இவ அசையல. கிளாஸை ரெண்டு உள்ளங்கையிலயும் பொத்தி வெச்சுக்கிட்டு உக்காந்திருந்தா, குஞ்சை அணைச்சுக்கிட்டு இருக்கற மாதிரி. கொஞ்ச நேரம் கழிச்சு நஞ்சப்பாகிட்ட நீட்டினா. அவர் மோந்தார். மறுபடி மோந்தார். அப்பறம் பேனாவை எடுத்துத் தன்னோட மார்க்கை அடிச்சுத் திருத்தினார்.

அந்த எடத்துலயே நான் எந்திரிச்சு ஊருக்கு வந்திருக்கணும்மா. வந்திருந்தா நல்ல பேரோட வந்திருப்பேன்.

சாயங்காலம் பரிசு குடுக்கறாங்க, இருந்துட்டுப் போம்மான்னா. என்னை முன்வரிசையில உக்காத்தி வெச்சா. நஞ்சப்பா மைக்கைப் புடிச்சு கன்னடத்துல பேசுறார். எனக்குக் கன்னடம் புரியும், எங்கம்மா வீடு தேன்கனிக்கோட்டைப் பக்கம். "நாங்க ரெண்டு பேரும் கோட்டை விட்டதை இந்தப் பொண்ணு கண்டுபுடிச்சா. இப்பிடி ஒரு மூக்கு எனக்கு இல்ல. எங்க கத்துக்கிட்டம்மா இதை?"ன்னு கேட்டு மைக்கை இவகிட்ட குடுத்தார்.

இவ என்னைப் பாத்துச் சிரிச்சா. "எங்கம்மாகிட்ட. அதோ உக்காந்திருக்காங்க"ன்னா. எல்லாரும் திரும்பி என்னைப் பாத்துக் கைதட்டினாங்க. நானும் கும்பிட்டேன். பேதை மாதிரி கும்பிட்டேன்.

அப்பறம் சொல்றா. "எங்கப்பா குடிப்பாரு. வீட்டுக்கு வர்றப்ப ஏலக்காய் மென்னுட்டு வருவாரு. எனக்கு ஆறு வயசுல இருந்து, அவர் வாசல்ல செருப்பைக் கழட்டறப்பவே, அம்மா என்னை அனுப்புவாங்க. அப்பா வாயை மோந்து பாத்துட்டு வான்னு. ஏலக்காய்க்கு அடியில என்ன இருக்குன்னு நான் சொல்லணும். பிராந்தியா, பீரா, சாராயமா, எவ்வளவுன்னு. தப்பாச் சொன்னா அடி. அங்கதான் கத்துக்கிட்டேன்."

முதல்ல சிரிச்சாங்க. அப்பறம் ஒவ்வொருத்தரா நிறுத்துனாங்க. எனக்குப் பக்கத்துல இருந்த பொம்பளை மெதுவா நகந்து உக்காந்தா. நஞ்சப்பா பேச்சை மாத்தறதுக்காக, "அம்மாவுக்கு ஒரு கிளாஸ் குடுங்க, அம்மாவுக்கு"ன்னார். யாரோ அந்தக் கருப்புப் பீரைக் கொண்டுவந்து என் கையில திணிக்கப் பாத்தாங்க. நான் தட்டி விட்டேன். மடி பூரா கொட்டிருச்சு.

நீங்களே சொல்லுங்கம்மா. வீட்டு விஷயத்தை நாலு பேர் முன்னாடி, மைக்குல, இப்பிடியா போட்டு ஒடைப்பாங்க? அடிச்சேனாம். கையில இருந்த கரண்டியால ஒரு தட்டு தட்டியிருப்பேன். எந்த வீட்டுல புள்ளையை அடிக்கல? ஆறு வயசுப் புள்ளைங்க என் கையில எத்தனை வளந்திருக்கு, ஒண்ணாவது என்னைப் பத்திக் கொறை சொல்லியிருக்குமா?

பாத்ரூமுக்குப் போனேன், வினோ பின்னாடியே வந்தா. குனிஞ்சு என் புடவையைத் தொடைச்சு விட்டா. நான் கையைத் தட்டி விட்டேன்.

"ஏண்டி என் மானத்தை வாங்குன?"

"நல்லதாத்தாம்மா சொன்னேன். எங்கிட்ட இருக்கறது இந்த ஒரு வித்தைதான். அது உன்னால வந்துச்சு. அதைத்தான் சொன்னேன்."

"செத்தவரை மேடை ஏத்திட்ட."

"சரி, ஒண்ணு கேக்கறேன். ஏம்மா நீயே மோந்து பாக்கல?"

ஏன்னா... நான் கிட்டப் போனா அந்த மனுசன் புடிச்சுத் தள்ளுவாரும்மா. சண்டை வரும். அடுப்புல வேலை இருக்கும், கையெல்லாம் மாவா இருக்கும். புள்ளைன்னா அவர் ஒண்ணும் பண்ண மாட்டார். புள்ளை மேல உசுரு அவருக்கு. வேற யாரை அனுப்புவேன்? இதையெல்லாம் அவகிட்ட சொல்லணும்னு வாயைத் தொறந்தேன். அவ முந்திக்கிட்டா.

"நான் பொய்யும் சொல்லியிருக்கேன்மா. தெரிஞ்சே."

"எப்ப?"

"நாலாவது படிச்சப்ப. அந்த வருஷம் பூரா."

அந்த வருஷம்னா என்னன்னு உங்களுக்குச் சொல்லணும். அந்த ஒரு வருஷம்தான் அவர் குடிக்காம இருந்த வருஷம். தெனமும் வினோ போயி மோந்துட்டு வந்து, "ஒண்ணும் இல்லம்மா"ன்னு சொல்லுவா. எனக்கு நம்பவே முடியல. தீர்த்தமலைக்கு நடந்தே போயி முடி எறக்கினேன். அவருக்குச் சுடச்சுட தோசை ஊத்துவேன். மூணு பேரும் ஒண்ணா உக்காந்து சாப்புடுவோம். ஒரு ஞாயித்துக்கெழமை ஒகேனக்கல் போனோம். பரிசல்ல ஏறறப்ப எனக்குப் பயமா இருந்துச்சு, அவர் என் கையைப் புடிச்சுக்கிட்டார். ஊரு பாக்கப் புடிச்சுக்கிட்டார். கல்யாணமாகி அத்தனை வருஷத்துல நான் பொண்டாட்டியா இருந்தது அந்த ஒரு வருஷந்தாம்மா.

"அப்பா ஒரு நாளும் நிறுத்தலம்மா"ங்கறா.

செவுத்துல சாஞ்சு நின்னுக்கிட்டுச் சொல்றா. "ஒரு நாள் மோந்து பாக்கப் போனேன். அப்பா என் உயரத்துக்குக் குத்த வெச்சு உக்காந்தாரு. வாயைத் தொறந்தாரு. ஏலக்காய், அதுக்கடியில பிராந்தி. கண்ணு என்னையே பாத்துக்கிட்டு இருந்துச்சு. கண்ணாலயே கெஞ்சுனாரு. நான் உள்ள வந்து, ஒண்ணும் இல்லம்மான்னு சொல்லிட்டேன். அன்னிக்கு நீ சண்டை போடல. சிரிச்சுக்கிட்டே சோறு போட்ட. மறுநாளும் அதையே சொன்னேன். அப்பறம் நிறுத்த முடியல."

அடுத்த வருஷம் அவருக்கு மஞ்சக்காமாலை வந்துச்சு, அதுலதான் போனார்; முன்ன குடிச்சதோட வினைன்னுதான் நான் நெனச்சேன். ஆஸ்பத்திரியில டாக்டரம்மா கேட்டாங்க, "இன்னும் குடிக்கறாரா?"ன்னு. "ஒரு வருஷமா தொடலீங்க"ன்னு நான் நெஞ்சை நிமித்திச் சொன்னேன். ஈரலைப் பாத்தா அப்பிடித் தெரியலையேன்னாங்க. அவங்களோட சண்டைக்கே போயிட்டேன். என் வீட்டுக்காரரைப் பத்தி உங்களுக்கு என்ன தெரியும்னு கத்தினேன். அவர் செவுத்தைப் பாத்துப் படுத்திருந்தார். இவ கட்டில் காலைப் புடிச்சுக்கிட்டுத் தரையைப் பாத்துக்கிட்டு நின்னா. எனக்கு ஒண்ணும் தெரியல. எனக்கு மட்டும் தெரியல.

"நான் உண்மையைச் சொல்லியிருந்தா முன்னாடியே ஆஸ்பத்திரிக்குப் போயிருப்போம்ல?"ன்னு கேக்கறா. முப்பது வயசுப் பொண்ணு, பத்து வயசுக் குரல்ல கேக்கறா. "அதனாலதாம்மா இன்னிக்கு அந்தப் பீரை விட முடியல. அது அவ்வளவு நல்லா இருந்துச்சு. ஆனா ஒரு வாசனை தெரிஞ்சும் தெரியலன்னு சொல்ல என்னால இனிமே முடியாது."

நான் என்ன சொன்னேன்னு நெனைக்கறீங்க?

"பஸ்ஸுக்கு நேரமாச்சு"ன்னு சொன்னேன்.

பையை எடுத்துக்கிட்டு வெளிய வந்து ஆட்டோ புடிச்சு ஏறிட்டேன். அவ வாசல் வரைக்கும் வந்தா. நான் திரும்பிப் பாக்கல.

ஆட்டோவுல வர்றப்ப வேற ஒண்ணு ஞாபகம் வந்து ஒடம்பே கூசிப்போச்சு. குழுக் கூட்டத்துல வருஷாவருஷம் நான் பேசுவேன். "என் வீட்டுக்காரரை நான் திருத்தினேன். உங்களால ஏன் முடியாது?"ன்னு. எல்லாரும் கைதட்டுவாங்க. எப்பிடி டீச்சர் திருத்துனீங்கன்னு கேட்டு வீட்டுக்கே வருவாங்க. "சின்னப் புள்ளைங்களை விட்டு மோந்து பாக்கச் சொல்லுங்க. ஆம்பளைங்க நம்மகிட்ட பொய் சொல்லுவாங்க, புள்ளைங்ககிட்ட சொல்ல மாட்டாங்க"ன்னு நான்தாம்மா சொல்லிக் குடுத்தேன். நான்தான். எங்க தெருவுல செல்வராணி இருக்கா, அவ பொண்ணு ஒண்ணாவது படிக்குது. அதைக் கூப்புட்டு எப்பிடி மோந்து பாக்கணும்னு கூடக் காட்டிக் குடுத்தேன். போன மாசம்தான். அது கண்ணை மூடிக்கிட்டு, ரெண்டு மூச்சு இழுத்துட்டு, முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கிச்சு.

அந்த ஹால்ல வினோ முகத்துல நான் பாத்தது இதைத்தாம்மா.

நீங்க ஏம்மா கண்ணைத் தொடைக்கறீங்க? வேண்டாம்மா. உங்களுக்குப் போய் இதையெல்லாம் சொல்லிட்டேன் பாருங்க. கிருஷ்ணகிரி வந்தாச்சா? இல்ல, இப்பதான் சூளகிரி தாண்டுதா?

அட, போன் அடிக்குது. அவதான். பாருங்க, வினோன்னு வருது. ரெண்டு தடவை ஏற்கெனவே அடிச்சு ஓஞ்சிடுச்சு, நீங்க கவனிக்கல.

ஒரு ஒதவி பண்றீங்களா? நீங்க எடுங்க. எடுத்து, பக்கத்து சீட்டுல இருக்கேன், உங்கம்மா அசந்து தூங்குறாங்க, ஊருக்குப் போயி பேசுவாங்கன்னு மட்டும் சொல்லிடுங்க. ஒரே ஒரு வார்த்தை. உங்க குரல்ல சொன்னா நம்பிடுவா.

ஏம்மா அப்பிடிப் பாக்கறீங்க?

ஒரு வார்த்தைதானே கேட்டேன். அவ கோவமா இருக்காளா, அழறாளான்னு நீங்க கேட்டுச் சொன்னீங்கன்னா, அப்பறம் நான்...

...

குடுங்கம்மா. இப்பிடிக் குடுங்க, நானே பேசுறேன்.

எந்தப் பக்கம் தள்ளணும் இது? பச்சையா?

வினோ. அம்மாதான்டி. நான் முழிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன். நீ அழுவியோ என்னமோ, அழு. நான் போனை வெக்கறதா இல்ல.